கிரேன் ட்ராலியும் தொங்கும் சுமையும்: பல்பொருள் அமைப்புகளை பாண்ட் கிராஃப் முறையில் சிமுலேட் செய்வது எப்படி?

பல பொருள்கள் மூட்டுகளால் இணைந்து, ஒன்றையொன்று இழுத்தும் தள்ளியும் இயங்கும் இயந்திர அமைப்பைக் கணினியில் ஓட்டிப் பார்க்க விரும்புபவர் பெரும்பாலும் நியூட்டனின் விதிகளிலிருந்தோ லக்ராஞ்சியின் முறையிலிருந்தோ தொடங்குகிறார். இரண்டும் சரியான வழிகளே. ஆனால் சமன்பாடுகளை எழுதி முடித்து, அவற்றை நிரலாக்கி, நிரல் ஓடத் தொடங்கிய சற்று நேரத்தில் எண்கள் எல்லை மீறிப் போன பிறகுதான் கோளாறு எங்கே இருக்கிறது என்ற தேடல் ஆரம்பமாகிறது. அமைப்பின் பகுதிகளுக்கிடையே திறன் பாய்வதைப் படமாக வரையும் பாண்ட் கிராஃப் முறையில் அந்தத் தேடல் முன்னதாகவே நடந்துவிடுகிறது. ஒரு சமன்பாடுகூட எழுதாத நிலையில், எந்த உந்தம் தனித்து இயங்காது, எங்கே பூச்சியத்தால் வகுக்க நேரும் என்பதைப் படமே காட்டிவிடும். இந்தக் கட்டுரை அந்த ஒரு பயனை முன்னிறுத்தியே எழுதப்பட்டது. மேல்நிலைப் பள்ளி இயற்பியலும், முதலாண்டுப் பொறியியல் இயக்கவியலும், ஏதேனும் ஒரு நிரல்மொழியில் ஓரளவு பழக்கமும் இருந்தால் போதும்.

எடுத்துக்காட்டாகத் தொழிற்கூடங்களில் காணும் ஓவர்ஹெட் கிரேனின் ஆய்வக மாதிரியை எடுத்துக்கொள்வோம். கிடைமட்டத் தண்டவாளத்தில் ஓடும் ட்ராலியின் நிறை 5 கிலோகிராம். அதிலிருந்து 1 மீட்டர் நீளமுள்ள கம்பியில் 1 கிலோகிராம் சுமை தொங்குகிறது. ட்ராலியை ஒரு விசை இழுக்கிறது, சுமை ஊசலாடுகிறது. இரண்டே பொருள்கள்தாம் என்றாலும், பெரிய பல்பொருள் அமைப்புகளில் வரும் சிக்கல்களில் முக்கியமானவை இதிலேயே வந்துவிடுகின்றன.

தெரிந்திருக்க வேண்டிய குறியீடுகள்

பாண்ட் கிராஃப் முறையை 1959இல் உருவாக்கியவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்ஐடி) பணியாற்றிய ஹென்றி பேன்டர். நீர்மின் நிலையங்களில் வேலை செய்த அனுபவம் உள்ள அவருக்கு, நீரின் அழுத்தம், சுழலியின் திருப்புவிசை, மின்னாக்கியின் மின்னழுத்தம் ஆகியவற்றை ஒரே மொழியில் எழுத வேண்டிய தேவை இருந்தது. பின்னர் டீன் கார்னாப், ரொனால்ட் ரோசன்பெர்க், டொனால்ட் மார்கோலிஸ் ஆகியோர் அதைப் பாடநூல் வடிவத்துக்குக் கொண்டுவந்தனர்.

இந்த முறையில் இரண்டு பகுதிகளுக்கிடையே பாயும் திறன்தான் அடிப்படை. ஒவ்வொரு பிணைப்பும் ஒரு கோடு. அதன் முனையில் அரை அம்பு. அந்தப் பிணைப்பில் எஃபர்ட், ஃப்ளோ என இரண்டு அளவுகள் உண்டு; இரண்டின் பெருக்கமே திறன். இயந்திரங்களில் எஃபர்ட் என்பது விசை அல்லது திருப்புவிசை. ஃப்ளோ என்பது வேகம் அல்லது கோணவேகம். அரை அம்பு காட்டும் திசையில் பாயும் திறனை நேர்க்குறியாகக் கொள்கிறோம்.

உறுப்புகள் ஒன்பதுதான். நிறையும் நிலைமத் திருப்புத்திறனும் ‘ஐ’ உறுப்பு, ஸ்பிரிங் ‘சி’, உராய்வும் தணிப்பானும் ‘ஆர்’. எஃபர்ட்டைத் தரும் மூலம் ஒன்று, ஃப்ளோவைத் தரும் மூலம் ஒன்று. நெம்புகோல், கியர் போன்றவை டிரான்ஸ்ஃபார்மர். மின்மோட்டார் போல ஒரு பக்கத்து ஃப்ளோவை மறுபக்கத்து எஃபர்ட்டாக மாற்றுபவை ஜைரேட்டர். மீதமுள்ள இரண்டும் சந்திகள். 1-சந்தியில் சேரும் எல்லாப் பிணைப்புகளுக்கும் ஒரே வேகம். அங்கே விசைகள் கூட்டிக் கழிக்கப்படுகின்றன. 0-சந்தியில் சேரும் எல்லாவற்றுக்கும் ஒரே விசை. அங்கே வேகங்கள் கூட்டிக் கழிக்கப்படுகின்றன. மின்சுற்றுப் பழக்கம் உள்ளவர்கள் 1-சந்தியைத் தொடர் இணைப்பாகவும் 0-சந்தியைப் பக்க இணைப்பாகவும் நினைத்துக்கொள்ளலாம்.

முதல் படி: வேகங்களைத் தேர்ந்தெடுத்தல்

புதியவர்கள் விசைகளைத் தேடித் தொடங்குவார்கள். பாண்ட் கிராஃபில் அதைத் தள்ளிவைத்து, முதலில் வேகங்களைப் பட்டியலிட வேண்டும். நிறை உள்ள ஒவ்வொரு பொருளின் நிறை மையத்துக்கும் தள இயக்கத்தில் கிடைவேகம், செங்குத்து வேகம், கோணவேகம் என மூன்று வேகங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு 1-சந்தி வரைய வேண்டும்.

நம் கிரேனில் ட்ராலி கிடையாக மட்டுமே நகர்வதால் அதற்கு ஒரு சந்தி போதும். சுமையைப் புள்ளி நிறையாகக் கொள்வதால் அதற்குக் கிடைவேகம், செங்குத்து வேகம் என இரண்டு. கம்பிக்கு நிறை இல்லை என்று வைத்தாலும் அதன் கோணவேகத்துக்குத் தனியாக ஒரு சந்தி வேண்டும். ஏனெனில் சுமையின் வேகங்கள் அதன் வழியாகவே கிடைக்கின்றன. ஆக மொத்தம் நான்கு 1-சந்திகள்.

இரண்டாம் படி: வேகங்களுக்கிடையிலான உறவு

கம்பி செங்குத்தாகத் தொங்கும்போது கோணம் 0 என்றும், மேல்நோக்கிய திசை நேர்க்குறி என்றும் கொள்வோம். கம்பியின் நீளம் மாறாது எனில்:

சுமையின் கிடைவேகம் = ட்ராலியின் வேகம் + நீளம் × கொசைன்(கோணம்) × கோணவேகம்

சுமையின் செங்குத்து வேகம் = நீளம் × சைன்(கோணம்) × கோணவேகம்

இவை வெறும் வடிவியல். இதில் எந்த விசையும் இல்லை. விசை உறவுகளைத் தனியாக எழுதவும் தேவையில்லை. டிரான்ஸ்ஃபார்மர் திறனை விழுங்குவதுமில்லை, உண்டாக்குவதுமில்லை என்பதால், வேகங்களை ஒரு திசையில் இணைக்கும் அதே விகிதம் விசைகளை எதிர்த்திசையில் தானாகவே இணைத்துவிடும். கம்பியின் இழுவிசையைத் தனிப்படம் வரைந்து கூறுகளாகப் பிரித்து, குறி தவறிவிட்டதா என்று இருமுறை பார்க்கும் வேலை இங்கே இல்லாமற்போகிறது.

மூன்றாம் படி: படம் வரைதல்

கோணவேகச் சந்தியிலிருந்து இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்கள் புறப்படுகின்றன. ஒன்றின் விகிதம் நீளம் × கொசைன். மற்றதன் விகிதம் நீளம் × சைன். கோணம் மாறமாற விகிதமும் மாறுவதால் இவை விகிதம் மாறும் டிரான்ஸ்ஃபார்மர்கள். கோணவேகத்தைத் தொகையிட்டுப் பெறும் கோணம் ஒரு சமிக்ஞையாக மட்டும் அவற்றுக்குச் செல்கிறது. அந்தச் சமிக்ஞைக் கோட்டில் திறன் இல்லை. அதை அரை அம்பால் அல்லாமல் முழு அம்பால் வரைவது வழக்கம்.

முதல் டிரான்ஸ்ஃபார்மரின் மறுமுனையை ஒரு 0-சந்தியில் இணைக்கவும். ட்ராலிச் சந்தியிலிருந்தும் அதே 0-சந்திக்கு ஒரு பிணைப்பு வரவேண்டும். 0-சந்தியிலிருந்து சுமையின் கிடைவேகச் சந்திக்கு ஒரு பிணைப்பு போகும். மேலே எழுதிய முதல் வேக உறவு இப்போது படத்தில் வந்துவிட்டது. இரண்டாம் டிரான்ஸ்ஃபார்மர் நேராகச் செங்குத்து வேகச் சந்திக்குச் செல்கிறது. இனி உறுப்புகளைத் தொங்கவிடலாம்: ட்ராலிச் சந்தியில் 5 கிலோகிராம் ஐ உறுப்பு, இழுக்கும் விசைக்கான எஃபர்ட் மூலம், சக்கர உராய்வுக்கான ஆர், சுமையின் இரு சந்திகளிலும் 1 கிலோகிராம் ஐ உறுப்பு ஒவ்வொன்று, செங்குத்துச் சந்தியில் மட்டும் புவியீர்ப்புக்கான எஃபர்ட் மூலம், மதிப்பு −9.81 நியூட்டன். ஒரே சுமையின் நிறை இரண்டு இடங்களில் வருவது குழப்பமாகத் தோன்றலாம். ஒரே பொருளுக்குக் கிடைத்திசையிலும் செங்குத்துத் திசையிலும் தனித்தனி உந்தங்கள் உண்டு. நிறை இருமுறை எண்ணப்படவில்லை.

அரை அம்புகள் எல்லாம் மூலத்திலிருந்து ஐ, சி, ஆர் உறுப்புகளை நோக்கிச் செல்லுமாறு வரைந்தால் குறித் தவறுகள் பெரும்பாலும் தவிர்க்கப்படும். ஐ, சி, ஆர் ஆகியவற்றை நோக்கியே அம்பு போகவேண்டும் என்பதை மட்டும் விதியாகவே கொள்ளவும்.

நான்காம் படி: காரணகாரியக் கோடுகள்

இம்முறையின் உயிர்நாடி இந்தப் படிதான். இதற்கு மற்றவற்றைவிட அதிக நேரம் தரவேண்டும்.

ஒவ்வொரு பிணைப்பிலும் ஒரு முனையில் சிறிய குறுக்குக்கோடு போடுகிறோம். கோடு எந்த முனையில் இருக்கிறதோ அந்த முனைக்கு எஃபர்ட் செல்கிறது. அங்கிருந்து ஃப்ளோ எதிர்ப்பக்கமாகத் திரும்பி வருகிறது. இரு முனைகளில் எது எதைத் தீர்மானிக்கிறது என்பதைத்தான் இந்தக் கோடு சொல்கிறது.

விதிகள் சில. எஃபர்ட் மூலத்தின் பிணைப்பில் கோடு மூலத்துக்கு எதிர்முனையில் இருக்கும். ஃப்ளோ மூலத்தில் மூலத்தின் பக்கமே இருக்கும். ஐ உறுப்பு விசையைப் பெற்று, தொகையிட்டு, வேகத்தைத் தருவதுதான் நாம் விரும்பும் தொகையீட்டு வடிவம். அதில் கோடு ஐ உறுப்பின் பக்கம் இருக்கும். சி உறுப்பு வேகத்தைப் பெற்று விசையைத் தருவது தொகையீட்டு வடிவம். கோடு அதன் எதிர்ப்பக்கம் இருக்கும். 1-சந்தியில் ஒரே ஒரு பிணைப்புதான் வேகத்தைத் தீர்மானிக்க முடியும். ஆகவே ஒன்றைத் தவிர மற்ற எல்லாப் பிணைப்புகளிலும் கோடு சந்தியின் பக்கம் இருக்கும். 0-சந்தியில் ஒரே ஒரு பிணைப்பில் மட்டும் கோடு சந்தியின் பக்கம் இருக்கும். டிரான்ஸ்ஃபார்மரின் இரு பிணைப்புகளில் ஒன்றில் மட்டும் கோடு அதன் பக்கம் இருக்கவேண்டும். ஜைரேட்டரில் இரண்டும் அதன் பக்கம், அல்லது இரண்டும் எதிர்ப்பக்கம்.

முதலில் மூலங்களுக்குக் கோடு போட்டு, ஒவ்வொரு முறையும் அதன் விளைவு சந்திகள் வழியே எவ்வளவு தூரம் பரவுகிறது என்று பார்க்கவும். பிறகு ஐ, சி உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, தொகையீட்டு வடிவில் கோடு போட்டு, மீண்டும் பரவ விடவும்.

நம் கிரேனில் ட்ராலியின் ஐ உறுப்பைத் தொகையீட்டு வடிவில் வைக்கலாம். ட்ராலியின் வேகம் தீர்மானமாகிவிட்டது. அடுத்துச் சுமையின் கிடைத்திசை ஐ உறுப்பையும் அவ்வாறே வைப்போம். இப்போது 0-சந்தியில் சேரும் மூன்று வேகங்களில் இரண்டு தெரிந்துவிட்டன. மூன்றாவது வேறு வழியின்றித் தீர்மானமாகிறது. அதாவது, கோணவேகம் = (சுமையின் கிடைவேகம் − ட்ராலியின் வேகம்) ÷ (நீளம் × கொசைன்). கோணவேகம் தெரிந்ததும் இரண்டாம் டிரான்ஸ்ஃபார்மர் வழியே செங்குத்து வேகமும் தெரிந்துவிடுகிறது. ஆகவே செங்குத்துத் திசை ஐ உறுப்புக்கு வேகத்தைத் தீர்மானிக்கும் உரிமை இல்லை. வேகம் வெளியிலிருந்து அதற்குத் தரப்படுகிறது. அது அதை வகையிட்டு விசையைத் திருப்பித் தரவேண்டும். இதுவே வகையீட்டு வடிவம்.

ஐ உறுப்புகள் மூன்று. அமைப்பின் சுதந்திர இயக்கக்கூறுகள் (ஒன்றையொன்று சாராமல் மாறக்கூடிய அசைவுகள்) இரண்டு. மூன்றில் ஒன்று மற்ற இரண்டைச் சார்ந்தே இருக்கும் என்பதைப் படம் சொல்கிறது. மூட்டுகள் விறைப்பானவையாக இருக்கும் எந்த அமைப்பிலும் ஐ உறுப்புகளின் எண்ணிக்கையிலிருந்து சுதந்திர இயக்கக்கூறுகளின் எண்ணிக்கையைக் கழித்தால், வகையீட்டு வடிவில் நிற்கும் உறுப்புகளின் எண்ணிக்கை கிடைக்கும். படத்தில் வந்த எண்ணிக்கை இதனோடு பொருந்தவில்லை என்றால் எங்கோ ஒரு பிணைப்பு விடுபட்டிருக்கிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மேலே கோணவேகத்தைப் பெறக் கொசைனால் வகுத்தோம். கோணம் 90 பாகையை எட்டினால் வகுத்தல் உடைந்துபோகும். கிரேனில் அவ்வளவு பெரிய ஊசல் வராது என்பதால் அது பெரிய இடர் இல்லை. ஆனால் இரண்டாவதாகச் செங்குத்துத் திசை ஐ உறுப்பைத் தேர்ந்தெடுத்திருந்தால், கோணவேகம் = செங்குத்து வேகம் ÷ (நீளம் × சைன்) என்று ஆகியிருக்கும்; சுமை அசையாமல் நேராகத் தொங்கும் நிலையிலேயே பூச்சியத்தால் வகுக்க நேரும். காகிதத்தில் இரண்டு தேர்வுகளும் ஒரே மாதிரித்தான் தெரியும். கோடு போடும்போதே டிரான்ஸ்ஃபார்மரின் விகிதம் நேராகப் பயன்படுகிறதா, தலைகீழாகப் பயன்படுகிறதா என்று ஒவ்வொரு முறையும் அருகில் எழுதிவைப்பவர் இந்தப் பள்ளத்தில் விழமாட்டார்.

ஐந்தாம் படி: வகையீட்டு வடிவத்தை எதிர்கொள்ளும் வழிகள்

வழிகள் மூன்று. எதைத் தேர்வது என்பது அமைப்பின் அளவையும், கையிலிருக்கும் மென்பொருளையும் பொறுத்தது.

முதல் வழி, சார்ந்திருக்கும் நிறைகளை ஒன்றாக்குவது. ட்ராலியின் வேகத்தையும் கோணவேகத்தையும் அடிப்படையாகக் கொண்டு, மூன்று ஐ உறுப்புகளுக்குப் பதிலாக இரு வாயில்கள் கொண்ட ஒரே ஐ புலத்தை (இரண்டு வேகங்களையும் ஒருசேர ஏற்கும் ஐ உறுப்பை) வைக்கிறோம். இதில் டிரான்ஸ்ஃபார்மரின் விகிதம் நேராக மட்டுமே பயன்படும், எங்கும் தலைகீழாகாது. நம் எண்களுக்கு அது பின்வருமாறு அமைகிறது:

கிடை உந்தம் = 6 × ட்ராலி வேகம் + கொசைன் × கோணவேகம்

கோண உந்தம் = கொசைன் × ட்ராலி வேகம் + கோணவேகம்

இந்த 6 என்பது ட்ராலி, சுமை இரண்டின் கூட்டு நிறை. இவற்றைத் தலைகீழாக்கினால்:

ட்ராலி வேகம் = (கிடை உந்தம் − கொசைன் × கோண உந்தம்) ÷ (5 + சைன் × சைன்)

கோணவேகம் = (6 × கோண உந்தம் − கொசைன் × கிடை உந்தம்) ÷ (5 + சைன் × சைன்)

வகுக்கும் எண் 5க்குக் கீழே ஒருபோதும் போகாது என்பதைக் கவனிக்கவும். 0 பாகையிலும் 90 பாகையிலும் நம்மை அச்சுறுத்திய பூச்சியம் இப்போது எங்குமே இல்லை.

இந்த வழியில் ஒரு பொறி உண்டு. ஐ புலத்தின் கெழுக்கள் கோணத்தைச் சார்ந்து மாறுவதால், உந்தத்தின் மாறுவீதத்தில் வெளிவிசை மட்டும் போதாது. இயக்க ஆற்றலைக் கோணத்தால் வகையிட்டுப் பெறும் ஒரு கூடுதல் உறுப்பும் சேரவேண்டும். ஆகவே:

கிடை உந்தத்தின் மாறுவீதம் = இழுக்கும் விசை − உராய்வு

கோண உந்தத்தின் மாறுவீதம் = −9.81 × சைன் − சைன் × ட்ராலி வேகம் × கோணவேகம்

கடைசி உறுப்பை விட்டுவிடுவது இந்தத் துறையில் அடிக்கடி நிகழும் பிழை. அது சிறிய ஊசலில் மிகச் சிறியதாக இருப்பதால், வரைபடத்தைப் பார்த்து மட்டும் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டாம் வழி, விறைப்பான இணைப்பைத் தளர்த்துவது. கம்பி சற்றே நீளக்கூடியது என்று ஒப்புக்கொண்டு, அதை ஒரு விறைப்பான ஸ்பிரிங்காகவும் சிறிய தணிப்பானாகவும் வரைகிறோம். அப்போது ட்ராலியின் உந்தம், சுமையின் இரண்டு உந்தங்கள் ஆகிய மூன்றும் தனித்தனி நிலைமாறிகளாகிவிடும்; எல்லாக் கோடுகளும் தொகையீட்டு வடிவில் அமையும்; கோணத்தைச் சுமைக்கும் ட்ராலிக்கும் இடையிலான நிலை வேறுபாட்டிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம். பல்பொருள் இயந்திர அமைப்புகளில் கார்னாப்பும் மார்கோலிஸும் பரவலாக்கிய உத்தி இது. கிரேனைப் பொறுத்தவரை இது உத்தி மட்டுமல்ல. வயர் ரோப் உண்மையிலேயே நீளத்தான் செய்கிறது. வயர் ரோப் இழுக்கும், தள்ளாது என்பதையும் சேர்த்து, நீளம் 1 மீட்டருக்குக் குறைந்தால் விசை 0 என்று எழுதிவிடலாம். முதல் வழியில் இதைச் சேர்ப்பது எளிதல்ல.

இதற்கான விலை கணக்கீட்டு நேரம். விறைப்பை மீட்டருக்கு 1,00,000 நியூட்டன் என்று வைத்தால், 1 கிலோகிராம் சுமையால் கம்பி நீள்வது 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனால் அந்த ஸ்பிரிங்கின் அதிர்வு விநாடிக்கு 316 ரேடியன், ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸ். நான்காம் வரிசை ரூங்கே-குட்டா என்னும் எண்வழித் தொகையீட்டு முறையில் காலப்படியை அதிர்வு வேகத்தால் பெருக்கிய எண் சுமார் 2.8ஐத் தாண்டினால் தீர்வு சிதறிவிடும், அதாவது 0.009 விநாடிக்கு மேல் போகக்கூடாது. துல்லியம் வேண்டுமானால் 0.001 விநாடி வைப்பது நல்லது. விறைப்பை 100 கோடி என்று உயர்த்தினால் எல்லை 0.00009 விநாடிக்கு இறங்கிவிடும். அதனால் கிடைக்கும் கூடுதல் துல்லியம் கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்க்க விரும்பும் ஊசலின் வேகம் விநாடிக்கு மூன்றரை ரேடியன் என்னும்போது, அதைப்போல் தொண்ணூறு மடங்கு வேகமுள்ள ஸ்பிரிங் போதும். மிகு விறைப்பு என்றால் மிகு சரி என்று எண்ணுவது வீண் செலவு. தணிப்பானை மறக்கவேண்டாம்: விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்குச் சுமார் 60 நியூட்டன் என்ற அளவில் வைத்தால் தேவையற்ற அதிர்வு சில சுற்றுகளில் அடங்கிவிடும்.

மூன்றாம் வழி, கட்டுப்பாட்டு விசையையே (கம்பியின் நீளத்தை மாறாமல் பிடித்திருக்கும் இழுவிசையை) தெரியாத அளவாக வைத்து, வகைக்கெழுச் சமன்பாடுகளையும் இயற்கணிதச் சமன்பாடுகளையும் சேர்த்துத் தீர்ப்பது. இதற்குச் சாதாரண ரூங்கே-குட்டா போதாது. பின்னோக்கு வேறுபாட்டு முறை போன்றவற்றில் இயங்கும் தீர்வான்கள் தேவை. இயற்பியல் அமைப்புகளைச் சமன்பாடுகளாக விவரிக்கும் மாடலிக்கா மொழியில் இயங்கும் மென்பொருள்கள் இந்த வேலையைப் பெரும்பாலும் தாமே செய்துகொள்கின்றன. நெதர்லாந்தின் ட்வென்ட்டே பல்கலைக்கழகத்தில் பிறந்த 20-சிம், கரக்பூர் ஐஐடியில் உருவான சிம்பல்ஸ் ஆகியவை பாண்ட் கிராஃபை நேரடியாக வரைய விடும் மென்பொருள்கள். ஆயினும் முதல் மாதிரியைக் காகிதத்தில் கோடு போட்டு முடிக்காமல் மென்பொருளைத் திறக்கவேண்டாம் என்பதே என் கருத்து. மென்பொருள் வகையீட்டு வடிவத்தை ஓர் எச்சரிக்கை வரியாகக் காட்டிவிட்டு ஓடிவிடும், அதன் பொருள் புரியாமலே நாம் கடந்துவிடுவோம்.

ஆறாம் படி: நிரலாக்கி ஓட்டுதல்

முதல் வழியை எடுத்துக்கொண்டால் நிலைமாறிகள் நான்கு: கிடை உந்தம், கோண உந்தம், ட்ராலியின் இடம், கோணம். ஒவ்வொரு காலப்படியிலும் உந்தங்களிலிருந்து வேகங்களைக் கணக்கிட்டு, வேகங்களிலிருந்து மாறுவீதங்களைக் கணக்கிட்டு, நான்காம் வரிசை ரூங்கே-குட்டாவுக்குத் தரவேண்டும். 0.01 விநாடி காலப்படி போதுமானது. பைத்தானில் இது முப்பது வரிக்குள் அடங்கும். எளிய ஆய்லர் முறையை வைத்து ஓட்டினால் உராய்வே இல்லாத ஊசல் மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டே போகும். அது மாதிரியின் பிழையல்ல, தொகையிடும் முறையின் குறை.

இங்கே நீளமும் சுமையும் 1 என்று வைத்திருப்பது கணக்குக்கு வசதி. பிழையை மறைப்பதற்கும் அதுவே வசதி. நீளத்தை ஓரிடத்தில் பெருக்க மறந்திருந்தாலும் 1 என்ற எண் அதைக் காட்டிக்கொடுக்காது. ஆகவே நிரலில் எண்களை நேரடியாக எழுதாமல் மாறிகளாகவே வைத்து, ஒருமுறை நீளம் 0.8, சுமை 1.3 என்று மாற்றியும் சோதிக்கவேண்டும்.

ஏழாம் படி: விடை சரிதானா?

நான்கு சோதனைகள் செய்யலாம். ட்ராலியின் நிறையை மிகப் பெரிதாக்கினால் அது அசையாது. அப்போது சிறிய ஊசலின் அலைவு நேரம் 2.006 விநாடி வரவேண்டும். மீண்டும் 5 கிலோகிராமுக்கு மாற்றி, உராய்வின்றி விட்டால் அலைவு நேரம் 1.831 விநாடியாகக் குறையவேண்டும். ட்ராலி எதிர்த்திசையில் நகர்வதால் ஊசல் வேகமடைகிறது. ஈர்ப்பு முடுக்கத்தை நீளத்தால் வகுத்து, (1 + சுமை ÷ ட்ராலி) என்ற எண்ணால் பெருக்கினால் அலைவு வேகத்தின் இருமடி கிடைக்கும்.

மூன்றாவது, உந்தச் சோதனை. கம்பியை 30 பாகைக்கு இழுத்து அசைவின்றி விட்டால், கிடை உந்தம் கடைசிவரை 0ஆகவே இருக்கவேண்டும். கம்பி செங்குத்தைக் கடக்கும் கணத்தில் ட்ராலியின் வேகம் விநாடிக்கு 0.296 மீட்டர், சுமையின் வேகம் எதிர்த்திசையில் 1.480 மீட்டர் வரவேண்டும். சுமை மறுகோடியை எட்டும்போது ட்ராலி சுமார் 16.7 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும்.

நான்காவது, ஆற்றல் சோதனை. விட்ட இடத்தில் இருந்த 1.314 ஜூல் இறுதிவரை மாறக்கூடாது. முன்பு சொன்ன கூடுதல் உறுப்பை விட்டுவிட்ட நிரலில் உந்தச் சோதனை எந்தப் பிழையும் காட்டாது. ஆற்றல் மட்டும் ஒவ்வொரு அலைவிலும் ஏறி இறங்கும். அலைவின் இரு கோடிகளில் மட்டும் ஆற்றலைப் பார்த்தால் அது பழைய மதிப்புக்கே திரும்பியிருக்கும், பிழை தப்பிவிடும். ஆகவே எல்லாக் காலப்படியிலும் ஆற்றலைக் கணக்கிட்டு வரைபடமாகப் பார்க்கவேண்டும்.

பொருள்கள் கூடும்போது

கம்பிக்குப் பதிலாக நிறையுள்ள தண்டுகள் வந்தால், ஒரு தண்டுக்கான படத்தை ஒருமுறை வரைந்து, அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்: நடுவில் நிறை மையத்தின் மூன்று சந்திகள், இரு முனைகளுக்கும் கோணத்தைச் சார்ந்த டிரான்ஸ்ஃபார்மர்கள். நான்கு தண்டு இயந்திர அமைப்பில் அசையும் தண்டுகள் மூன்று. ஐ உறுப்புகள் ஒன்பது. சுதந்திர இயக்கக்கூறு ஒன்று. எனவே எட்டு உறுப்புகள் வகையீட்டு வடிவில் நிற்கும். எட்டையும் கையால் ஒன்றாக்குவது வீண் பாடு. நான்கு மூட்டுகளிலும் இரு திசைகளுக்கு ஒன்றாக எட்டு விறைப்பு ஸ்பிரிங்குகளைத் தணிப்பானோடு வைத்துவிட்டால் எல்லாம் தொகையீட்டு வடிவுக்கு வந்துவிடும்.

முப்பரிமாணத்தில் பொருளோடு ஒட்டிய அச்சுகளில் எழுதும்போது, ஆய்லர் சமன்பாடுகளில் வரும் கோணவேகப் பெருக்கங்கள் மூன்று ஜைரேட்டர்கள் வளையமாக நிற்பது போல் படத்தில் அமைகின்றன. அவை திறனைச் சேர்ப்பதுமில்லை, குறைப்பதுமில்லை. ஆற்றல் சோதனை அங்கும் அப்படியே செல்லும். திசையமைவுக்கு ஆய்லர் கோணங்களைத் தவிர்த்து, நான்கு எண்களால் திசையைக் குறிக்கும் குவாட்டர்னியனைப் பயன்படுத்துவது நல்லது. தளத்தில் நன்கு பழகாமல் இதில் இறங்கவேண்டாம்.

மோட்டாரைச் சேர்த்தல்

இதுவரை ட்ராலியை ஒரு விசை இழுப்பதாக வைத்தோம். உண்மையில் இழுப்பது கியர் வழியே சக்கரத்தைச் சுழற்றும் ஒரு டிசி மோட்டார். மற்றப் பல்பொருள் மென்பொருள்களில் மின்பகுதியைத் தனியாக எழுதி ஒட்டவேண்டியிருக்கும். பாண்ட் கிராஃபில் அதே காகிதத்தில் இடப்பக்கம் நீட்டினால் போதும். மின்னழுத்த மூலம், சுருளின் மின்தடை ஆர் உறுப்பாக, மின்தூண்டல் ஐ உறுப்பாக, அடுத்து ஜைரேட்டர், ரோட்டரின் நிலைமத் திருப்புத்திறன் ஐ உறுப்பாக, பிறகு கியருக்கும் சக்கரத்துக்கும் டிரான்ஸ்ஃபார்மர்கள், கடைசியில் பழைய ட்ராலிச் சந்தி.

கோடு போட்டுப் பார்த்தால் ரோட்டரின் ஐ உறுப்பு வகையீட்டு வடிவில் நிற்கும். கியரும் சக்கரமும் விறைப்பானவை என்று வைத்ததால் ரோட்டரின் வேகத்தை ட்ராலியின் வேகமே தீர்மானித்துவிடுகிறது. இதைச் சிறிய ரோட்டர்தானே என்று ஒதுக்கிவிடக்கூடாது. நிலைமத் திருப்புத்திறன் 0.0001 கிலோகிராம்-சதுரமீட்டர், கியர் விகிதம் 20, சக்கரத்தின் ஆரம் 5 சென்டிமீட்டர் எனில், ட்ராலிச் சந்தியில் அது 0.0001 × 400 ÷ 0.0025, அதாவது 16 கிலோகிராமாகத் தெரியும். ட்ராலியின் சொந்த நிறையைப்போல் மூன்று மடங்கு. ட்ராலியின் 5 கிலோகிராமுக்குப் பதிலாக 21 கிலோகிராம் என்று எழுதி, ரோட்டரின் ஐ உறுப்பைப் படத்திலிருந்து நீக்கிவிட்டு, மோட்டாரின் மின்சுற்றைத் திறந்தபடி வைத்து மீண்டும் ஓட்டினால், 1.83 விநாடியாக இருந்த அலைவு நேரம் 1.96 விநாடியாக உயரும்.